அவளிடம் என்ன கேட்கலாம், என்ன கேட்கக் கூடாது

மே மாத இதழில் ஒரு வாசகிக்கு இரண்டு பத்தியில் பதில் எழுதினேன். இலங்கையின் முள்ளிவாய்க்காலில் 2009இல் போர் முடிந்து இத்தனை வருடம் ஆகியும் அங்கே தமிழ்ப் பெண்களுக்கு நடந்ததை ஏன் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை என்று கேட்டிருந்தார். பேசத்தான் வேண்டும் என்று நானும் எழுதினேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களும் வாட்ஸ்அப் செய்திகளும் நான் எதிர்பார்க்காத அளவு. வழக்கமாக மாமியார் விஷயமும் இங்கே சிங்கப்பூரில் பிள்ளைகள் எழுதும் பிஎஸ்எல்இ தொடக்கப்பள்ளித் தேர்வு விஷயமும் வரும் இடம் இது, இந்த மாதம் அவை காத்திருக்கட்டும். சில இடங்கள் படிக்கக் கனமாக இருக்கும். உடம்பில் என்னென்ன செய்தார்கள் என்று நான் வர்ணிக்கப் போவதில்லை, அதைத் தேடி வந்தவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பணிப்பெண் முல்லைத்தீவுப் பக்கம், வயது 38. சமையல், என் அம்மாவைப் பார்த்துக்கொள்வது எதிலும் குறை இல்லை. ஆனால் ஜூலையில் தேசிய தின ஒத்திகைக்கு விமானங்கள் பறந்தபோது அடுப்பைக்கூட அணைக்காமல் மேசைக்கு அடியில் போய்விட்டாள். என் மகன் சிரித்துவிட்டான். இரவில் பாம் ஷெல்டரில்தான் படுக்கிறாள், கதவைத் திறந்து வைத்து விளக்கையும் எரியவிட்டுத் தூங்குகிறாள், கரண்ட் பில்லுக்காக இரண்டு தடவை திட்டியும் விட்டேன். போரில் இவளுக்கு ஏதாவது நடந்திருக்குமோ? நானே கேட்டுவிடலாமா? சொன்னால் பாரம் குறையும்தானே?
— இல்லத்தரசி, செங்காங்

பதில்: கேட்காதீர்கள் அம்மா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

இலங்கையின் வடக்கே வன்னியில் வளர்ந்தவர்களுக்குக் ‘கிபிர்’ என்பது தனிச் சொல். இலங்கை விமானப்படை வைத்திருந்த இஸ்ரேல் தயாரிப்புப் போர் விமானம் அது. சத்தம் காதில் விழுந்ததும் பங்கருக்குள் குதிக்க வேண்டும், யோசிக்க நேரம் கிடையாது. 2006 ஆகஸ்ட் 14 அன்று முல்லைத்தீவு மாவட்டம் வள்ளிபுனத்தில், செஞ்சோலை சிறுவர் இல்ல வளாகத்தில் கிபிர் குண்டு போட்டு 50க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள், பெரும்பாலும் பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகள். உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு அப்போது 19 வயது இருந்திருக்கும், அதே மாவட்டம். மேசைக்கு அடியில் போனது அந்த உடம்பு கற்றுக்கொண்ட பாடம். மகனை உட்கார வைத்து இதைச் சொல்லுங்கள், சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியும், நாம்தான் சொல்வதில்லை.

அந்தப் பாம் ஷெல்டர். உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை, எத்தனையோ வீவக அடுக்குமாடி வீடுகளில் பணிப்பெண்ணுக்கு அந்த அறைதான். ஜன்னல் கிடையாது, கான்கிரீட் சுவர், கனமான இரும்புக் கதவு. குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்வதற்காகக் கட்டிய அறைக்குள், குண்டு விழுந்த ஊரிலிருந்து வந்தவளைத் தினமும் தூங்கச் சொல்கிறோம். கதவைத் திறந்து வைக்காமல் என்ன செய்வாள்? ஒரே ஒரு கேள்வி நீங்கள் கேட்கலாம்: “எங்கே படுத்தால் உனக்கு வசதி?” உங்கள் அம்மாவின் அறையில் ஒரு மெத்தை போட இடம் இருக்கலாம், இல்லை உள்ளிருந்து தாழ் போடும் வேறொரு மூலை கிடைக்கலாம், அவள் சொல்லட்டும். விளக்கு எரியட்டும். ஒரு எல்இடி பல்பு இரவு முழுக்க எரிந்தால் மாதத்துக்கு ஒரு வெள்ளிகூட ஆகாது.

ஒத்திகை நேரங்களை முன்பே அறிவிக்கிறார்கள். முந்தின நாளே, இன்ன நேரத்துக்கு விமானம் வரும், சும்மா பறந்துவிட்டுப் போய்விடும் என்று சொல்லிவையுங்கள். அந்த நேரம் அடுப்பு வேலை வேண்டாம். பட்டாசு வெடிக்கும் இரவும் அப்படித்தான். பயந்து நிற்கும்போது பின்னால் போய்த் தோளைத் தொடாதீர்கள், பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே முன்பக்கமாக வாருங்கள்.

சரி, ‘ஏதாவது நடந்திருக்குமோ’. 2009 தொடக்கத்திலிருந்து மே வரை முள்ளிவாய்க்கால் பக்கத்துக் கடற்கரைத் துண்டில் அடைபட்டு, பிறகு ஓமந்தையில் சோதனை முடிந்து, செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் கம்பி வேலிக்குள் கிடந்தவர்கள் கிட்டத்தட்ட மூன்று லட்சம் பேர். அவளும் அவர்களில் ஒருத்தியாக இருக்கலாம். கணவனைப் பறிகொடுத்தவள் உண்டு, தம்பியைக் கண்ணெதிரே இராணுவத்திடம் ஒப்படைத்துவிட்டு இன்றுவரை தேடுபவள் உண்டு, நீங்கள் மனதில் நினைத்துக் கேட்கும் அந்தக் கொடுமைக்கு ஆளானவளும் உண்டு. இதில் அவள் எது என்று தெரிந்து உங்களுக்கு ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். நீங்கள் அவளுக்கு முதலாளி, அவளுடைய வேலை அனுமதி உங்களை நம்பி இருக்கிறது. நீங்கள் கேட்டால் ‘சொல்ல மாட்டேன்’ என்று சொல்ல அவளால் முடியுமா? முடியாது. மறுக்க முடியாதவளிடம் கேட்பது அவளுக்குக் கேள்வியாகப் படாது, விசாரணையாகத்தான் படும்.

1983 கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு சித்தி வந்து சில மாதம் தங்கினார். என் அம்மா அவரிடம் எதுவுமே கேட்டதில்லை. தினமும் சாயங்காலம் எண்ணெய் வைத்துத் தலைவாரிப் பின்னிவிடுவார், அவ்வளவுதான். பல வருடம் கழித்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் சித்தி தானாகவே அம்மாவிடம் சொன்னாராம். என்ன சொன்னார் என்று அம்மா சாகும்வரை எனக்குச் சொல்லவில்லை. உங்கள் வீட்டுப் பெண்ணும் ஒருநாள் சொல்லலாம், சொல்லாமலே ஊருக்குத் திரும்பலாம். சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். “ஏன் கத்தவில்லை”, “எத்தனை பேர்” என்ற கேள்விகள் வேண்டாம். “இது என்னோடு இருக்கும்” என்று சொல்லி, அதேபோல் நடந்துகொள்ளுங்கள். கீழ்மாடி அக்காவிடம்கூடச் சொல்லக் கூடாது.

கேள்வி: மே இதழில் ‘கற்பழிப்பு’ என்ற சொல்லை நீங்கள் எங்குமே எழுதவில்லை, ‘பாலியல் வல்லுறவு’ என்று எழுதினீர்கள். பழகிய தமிழ்ச் சொல் இருக்க, எதற்கு இது?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அங் மோ கியோ

பதில்: ஐயா, வேண்டும் என்றேதான் விட்டேன். அந்தச் சொல்லில் செய்தவன் எங்கே இருக்கிறான்? காணோம். அழிந்தது மட்டும் மிஞ்சுகிறது, அதுவும் அவளுடையது. துப்பாக்கியோடு வந்தவன் தன் சட்டையைச் சரிசெய்துகொண்டு போய்விட, ‘அவளுக்குக் கற்பு போய்விட்டது’ என்று நாம் உட்கார்ந்து கணக்கெழுதுகிறோம். பேச்சுவழக்கில் ‘கெடுத்துட்டாங்க’, ‘சீரழிச்சுட்டாங்க’, ‘வாழ்க்கையே போச்சு’ என்பதெல்லாம் இதே வீட்டுப் பிள்ளைகள்தான். இந்தச் சொற்களைக் கேட்டு வளர்ந்த பெண், நடந்ததை வெளியில் சொன்னால் தனக்கு என்ன பெயர் கிடைக்கும் என்று தெரிந்தே வாயை மூடிக்கொள்கிறாள். சீருடை போட்டவர்களுக்கும் அது தெரியும், அந்த மௌனத்தை நம்பித்தான் செய்கிறார்கள். இலங்கையில் ‘பாலியல் வல்லுறவு’ என்று எழுதுகிறார்கள், தமிழ்நாட்டில் ‘பாலியல் வன்கொடுமை’. எதை எழுதினாலும் நடந்தது வன்முறை என்று தெரிகிறது, எனக்கு அது போதும். இத்தனை வருடம் பிள்ளைகளுக்குச் சொல் கற்றுக்கொடுத்த நீங்கள் ஒருமுறை இதைச் சொன்னால், நான் பத்து இதழில் எழுதுவதைவிடத் தூரம் போகும்.

கேள்வி: தொடக்கக் கல்லூரியில் படிக்கிறேன். போர்க்கால வன்முறையும் சட்டமும் என்று ஒரு நீண்ட கட்டுரைக்குத் தலைப்பு எடுத்தேன். இலங்கையைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் அம்மா, “அதெல்லாம் எதுக்கு, வேற எடு” என்கிறார். ஒரு வழக்கிலாவது யாருக்காவது தண்டனை கிடைத்திருக்கிறதா? எங்கிருந்து தொடங்குவது?
— மாணவி, 17 வயது, பீஷான்

பதில்: கிருஷாந்தியிலிருந்து தொடங்கும்மா. உன்னைவிட ஒரு வயதுதான் மூத்தவள்.

கிருஷாந்தி குமாரசாமி, யாழ்ப்பாணம் சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி. 1996 செப்டம்பர் 7 அன்று உயர்தர வேதியியல் தேர்வை எழுதிவிட்டுச் சைக்கிளில் கைதடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். செம்மணிச் சோதனைச் சாவடியில் படையினர் மறித்தார்கள். பிள்ளையைக் காணோமே என்று தேடிப்போன அம்மா, 16 வயதுத் தம்பி, துணைக்குப் போன பக்கத்து வீட்டுக்காரர், மூன்று பேரும் திரும்பி வரவில்லை. கிருஷாந்தியைப் பலர் சேர்ந்து வல்லுறவு செய்து கொன்றார்கள், தேடி வந்தவர்களையும் கொன்று, எல்லாரையும் புதைத்துவிட்டார்கள். பெண்கள் அமைப்புகளும் வழக்கறிஞர்களும் மனித உரிமைக்காரர்களும் விடாமல் கேட்டதால் வழக்கு கொழும்பு உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 1998 ஜூலையில் குற்றவாளிகளுக்கு மரண தண்டனை விதித்தார்கள். (இலங்கையில் 1976க்குப் பிறகு யாரையும் தூக்கிலிட்டதில்லை, அதனால் சிறையோடு நின்றது.) அந்தத் தீர்ப்பின்போது தண்டனை பெற்றவர்களில் ஒருவரான சோமரத்ன ராஜபக்ச நீதிமன்றத்தில் ஒன்று சொன்னார்: செம்மணியில் இன்னும் 300, 400 உடல்கள் புதைக்கப்பட்டிருக்கின்றன. 1999இல் தோண்டியபோது 15 எலும்புக்கூடுகள் கிடைத்தன. பிறகு அந்த மண்ணை மறந்துவிட்டார்கள். 2025இல் அதே செம்மணியில், சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்காகத் தோண்டப் போய் எலும்பு தென்பட, நீதிமன்ற உத்தரவோடு நடந்த அகழ்வில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளியே வந்தன. சின்னப் பிள்ளைகளுடையதும் இருந்தது, ஒரு நீலப் புத்தகப்பையும் இருந்தது.

தண்டனை கிடைத்த வழக்கு என்றால் எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள், இத்தனை வருடம் கழித்தும் இதைத்தான் சொல்ல முடிகிறது, அதிலிருந்தே நிலைமையைப் புரிந்துகொள். 1997 மே மாதம் அம்பாறை மாவட்டத்தில் கோணேஸ்வரி என்ற தாயைக் கொன்றார்கள். வல்லுறவின் தடயம் மிஞ்சக் கூடாது என்று உடலைக் கைக்குண்டு வைத்துச் சிதைத்ததாகப் பொலிஸார் மீது குற்றச்சாட்டு. 1999 டிசம்பரில் புங்குடுதீவில் சாரதாம்பாள், கோயில் குருக்களின் மகள், வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார், பக்கத்திலேயே கடற்படை முகாம். இரண்டிலும் யாரும் தண்டிக்கப்படவில்லை. போர் முடிந்த பிறகு, 2010இல் விசுவமடுவில் மீள்குடியேறிய ஒரு பெண், நான்கு படையினர் மீது துணிந்து முறையிட்டார். 2015இல் யாழ்ப்பாண உயர் நீதிமன்றம் 25 ஆண்டு கடூழியச் சிறை என்றது. பிறகு மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்துவிட்டது.

சட்டப் பக்கத்துக்கு: கிருஷாந்தி தீர்ப்பு வந்த அதே 1998இல், செப்டம்பரில், ருவாண்டாவின் முன்னாள் மேயர் அகாயேசு வழக்கில் ஐநா தீர்ப்பாயம் ஒரு பெரிய கதவைத் திறந்தது. வல்லுறவையும் இனப்படுகொலையின் ஒரு வழியாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு பன்னாட்டு நீதிமன்றம் முதன்முதலாகச் சொன்னது அப்போதுதான். ஆரம்பக் குற்றப்பத்திரிகையில் வல்லுறவே இல்லை. வேறு விஷயத்துக்குச் சாட்சி சொல்ல வந்த பெண்கள் பேச்சோடு பேச்சாக அதைச் சொல்லப்போய்த்தான் பிறகு சேர்த்தார்கள். அந்த அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதி நவநீதம் பிள்ளை, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு பஸ் ஓட்டுநருக்குப் பிறந்த தமிழ்ப் பெண். அவரே பின்னாளில் ஐநா மனித உரிமை ஆணையராகி 2013இல் இலங்கைக்கும் போனார். அந்த அலுவலகம் 2015 செப்டம்பரில் வெளியிட்ட இலங்கை விசாரணை அறிக்கையில் பாலியல் வன்முறைக்குத் தனி அத்தியாயமே உண்டு. தடுப்புக் காவலில் ஆண்களுக்கு நடந்ததும் அதில் இருக்கிறது, ஆண்கள் அதைச் சொல்வது இன்னும் கடினம். பாதுகாப்பு மன்றத்தின் 1820ஆவது தீர்மானத்தையும் பார், 2008இல் வந்தது. அந்த அறிக்கையை மட்டும் இரவில் தனியாக உட்கார்ந்து படிக்காதே. பகலில் படி, படித்துவிட்டுக் கொஞ்சம் நடந்துவிட்டு வா.

அம்மாவோடு சண்டை போட வேண்டாம். எழுதி முடித்ததும் முதலில் அவரிடம் கொடுத்துப் பார். ‘எதுக்கு’ என்று கேட்கும் அம்மாக்களில் பலருக்கு விஷயம் நம்மைவிட அதிகமாகத் தெரியும்.

கேள்வி: ஒவ்வொரு மே மாதமும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் முள்ளிவாய்க்கால் படங்களைப் போடுகிறேன், இறந்துபோன பெண் போராளிகளின் படங்களையும்தான். நம் மக்கள் மறந்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். என் மனைவி போன மாதம் குழுவிலிருந்தே விலகிவிட்டாள், நான் செய்வது தப்பு என்கிறாள். உண்மையைக் காட்டுவது தப்பா?
— ஈசூன் வாசகர்

பதில்: உங்கள் மனைவி சொல்வது சரி. அழித்துவிடுங்கள், இன்றைக்கே.

அந்தப் படங்கள் எப்படி வந்தன? நிறையப் படங்களை எடுத்தவர்கள் கொன்றவர்களின் பக்கத்தில் நின்றவர்கள்தான். கைப்பேசியில் எடுத்தார்கள், துணியை விலக்கி எடுத்தார்கள், வெற்றிச் சின்னம் மாதிரி கைமாற்றினார்கள். அந்தப் பெண்ணை அப்படிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவனின் கண்ணால்தான் நீங்களும் நானும் பார்க்கிறோம், பிறகு அதை அறுபது பேருக்கு அனுப்புகிறோம். இசைப்பிரியா தொலைக்காட்சியில் செய்தி வாசித்தவர். புலிகளின் ஒளிபரப்பில் முகம் தெரிந்தவர் என்பதால் அவரை எல்லாருக்கும் அடையாளம் தெரிந்தது. அவர் உயிரோடு இராணுவத்தின் கையில் இருந்ததைக் காட்டும் காணொளியைப் பிரிட்டனின் சானல் 4 2013இல் ஒளிபரப்பியபோது, சண்டையில் இறந்தார் என்ற கதை உடைந்தது. அந்த அளவில் அது சாட்சியம், யாரும் மறுக்க வேண்டாம். உங்கள் குழுவில் அதற்குப் பிறகு நடப்பது என்ன? ‘காலை வணக்கம்’ பூப்படத்துக்கும் கம்பத்துக் கோழி விற்பனைக்கும் நடுவில் ஒரு பெண்ணின் ஆடை இல்லாத உடல். குழுவில் இருக்கும் பெண்களில் யாருக்கு அது நடந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? இறந்தவர்களுக்கும் தாய் உண்டு, கூடப்பிறந்தவர்கள் உண்டு, ஒவ்வொரு மே மாதமும் அவர்களுடைய கைப்பேசிக்கும் அது சுற்றிச் சுற்றி வருகிறது.

உங்களிடம் எங்கும் வெளிவராத மூலப் படமோ காணொளியோ இருந்தால் அதை வெட்டாமல், ஒட்டாமல், பெயர் எழுதாமல் அப்படியே வைத்திருங்கள். ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாக்க ஜெனீவாவில் ஐநா மனித உரிமை அலுவலகத்துக்குள்ளேயே 2021இல் ஏற்பாடு செய்திருக்கிறார்கள், அங்கே போக வேண்டியது அது. மறக்கக் கூடாது என்றால் கிருஷாந்தி பரீட்சை எழுதிவிட்டு வந்ததை அனுப்புங்கள். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்னால் காணாமல்போன பிள்ளைகளின் படத்தோடு உட்கார்ந்த தாய்மாரைப் பற்றி அனுப்புங்கள், பல வருடமாகப் போராடுகிறார்கள், விடை தெரியாமலே சிலர் செத்தும்போனார்கள். 2010இல் இலங்கைத் துணை அமைச்சர் ஒருவரே வடக்கிலும் கிழக்கிலும் 89,000 விதவைகள் என்று சொன்னார், அவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். மனைவியிடம் மன்னிப்பும் கேளுங்கள்.

கேள்வி: இலங்கை இராணுவத்தை மட்டும் எழுதுகிறீர்கள். இந்திய அமைதிப்படை செய்தது? தமிழ் ஆயுத இயக்கங்கள் செய்தது? எழுதத் துணிச்சல் உண்டா?
— தேக்கா வாசகர்

பதில்: உண்டு. 1987இலிருந்து 1990 வரை அமைதிப்படை என்ற பெயரில் வந்தவர்களால் யாழ்ப்பாணத்தில் வல்லுறவுக்கு ஆளான பெண்களின் வாக்குமூலங்களை வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியவர் டாக்டர் ராஜினி திராணகம, யாழ் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவர். இயக்கங்களின் வன்முறையையும் விடாமல் எழுதினார். 1989 செப்டம்பர் 21 அன்று, வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போனவரைச் சுட்டுக் கொன்றார்கள், அவருக்கு வயது 35. சுட்டது புலிகள்தான் என்று அவருடைய குடும்பத்தாரும் உடன் பணியாற்றியவர்களும் சொல்லி வருகிறார்கள். கவிஞர் செல்வியைப் புலிகள் 1991இல் பிடித்துக்கொண்டு போனார்கள், அவர் திரும்பவே இல்லை. கடைசி வருடங்களில் வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்று புலிகள் படைக்குப் பிடித்தபோது, மணமானவளை விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் 15, 16 வயதுப் பிள்ளைகளுக்கு அவசரமாகத் தாலி கட்டி வைத்தார்கள். அதுவும் போர் பெண்களுக்குச் செய்ததுதான், அந்தத் தாலிகளோடு எத்தனை பேர் இன்று தனியாகப் பிள்ளை வளர்க்கிறார்கள்.

சிங்களப் பெண்ணுக்கும் நடந்திருக்கிறது. 1971 ஏப்ரலில், ஜேவிபி என்ற இடதுசாரிக் கட்சியின் கிளர்ச்சியின்போது கதிர்காமத்தில் 22 வயது பிரேமவதி மனம்பேரியைப் படையினர் வதைத்துச் சுட்டார்கள். அந்த வழக்கில் இரண்டு படையினருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது, ஆனாலும் இருபத்தைந்து வருடம் கழித்துச் செம்மணியில் கை நீண்டது.

இதையெல்லாம் எழுதிவிட்டேன். ஆனால் ஒன்று, ‘அவன் செய்யவில்லையா’ என்று கேட்டு ‘இவன் செய்ததை’ அடைப்பதற்கு இந்தப் பெயர்களை எடுக்காதீர்கள். ராஜினி இரண்டு பக்கமும் எழுதியது யாரையும் தப்பவிடக் கூடாது என்பதற்காக.

கேள்வி: நான் தஞ்சாவூர்க்காரன், இங்கே எஸ் பாஸில் வேலை. கிளிநொச்சிப் பெண்ணைக் கல்யாணம் செய்யப் போகிறேன். 2009இல் அவரைக் கடைசி நேரத்தில் இயக்கத்தில் பிடித்துச் சேர்த்து, பிறகு ஒரு வருடம் புனர்வாழ்வு முகாமில் வைத்திருந்தார்கள். ‘முகாமில் என்ன நடந்ததோ, ஒரு மருத்துவப் பரிசோதனை எடுத்துவிடலாம்’ என்கிறார்கள் என் வீட்டில். எனக்கும் குழப்பம்.
— பூன் லே

பதில்: எந்தப் பரிசோதனை என்று உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். கன்னித்தன்மைப் பரிசோதனை என்று ஒன்று மருத்துவத்தில் இல்லை. அதனால் எதையும் நிரூபிக்க முடியாது, அது பெண்ணுக்கு இழைக்கும் இன்னொரு கொடுமை, நிறுத்துங்கள் என்று 2018இல் உலக சுகாதார நிறுவனமும் ஐநா அமைப்புகளும் சொல்லிவிட்டன. நீங்கள் அவரிடம் கேட்க வேண்டியவை வேறு: எங்கே வீடு எடுப்பது, அவருக்கு வேலைக்குப் போக விருப்பமா, அவருடைய அம்மாவை யார் பார்ப்பது. உங்கள் வீட்டாரிடம் சொல்ல வேண்டியது, இந்தப் பேச்சு இன்றோடு முடிந்தது என்பதுதான். அதைச் சொல்ல உங்களால் முடியாவிட்டால் கல்யாணத்தை நிறுத்திவிடுங்கள் தம்பி. அவர் ஒரு விசாரணை அறையிலிருந்து வெளியே வந்தவர், உங்கள் வீட்டுக் கூடம் இன்னொன்றாக வேண்டாம்.

கடிதம்: எனக்குக் கேள்வி இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் எனக்கு ஆறு வயது. அம்மா என் அக்காவுக்கு முடியை ஒட்ட வெட்டி, முகத்தில் கரி பூசி, அப்பாவின் சட்டையைப் போட்டுவிடுவார். லாரி சத்தம் கேட்டால் அக்கா கூரைக்கு அடியில் பரணில் ஏறிவிடுவாள். கடைசிவரை அவள் முடியை நீளமாக வளர்க்கவே இல்லை.
— பெரியவர், ஜூ சியாட்

பதில்: பாட்டி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நம் ஊரிலேயே, கேன்ஹில் ரோட்டில், ஜப்பானியப் படை பெண்களை அடைத்து வைத்திருந்த வீடுகள் இருந்தன, கொரியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்கள். கொரியாவில் கிம் ஹக் சுன் என்ற பெண்மணி தன் பெயரையும் முகத்தையும் காட்டி அதைச் சொன்னது 1991இல், போர் முடிந்து 46 வருடம் கழித்து. அதனால்தான் வன்னிப் பெண்கள் ‘இன்னும் ஏன் பேசவில்லை’ என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. அக்காவின் பெயரை ஒரு தாளில் எழுதி, அவர் கதையோடு பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துவையுங்கள்.

கேள்வி: அக்கா, நான் கலியாணம் முடிச்சு இங்க வந்து கனகாலம். 2009க்குப் பிறகு தடுப்பில இருந்தனான். அங்க நடந்தது ஒருத்தருக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது. இவர் நல்ல மனிசன். பெண்களுக்கான அந்தக் கர்ப்பப்பைப் பரிசோதனைக்கு வரச்சொல்லி மருந்தகத்தில மூன்று தரம் நாள் தந்தவை. மூன்று தரமும் வாசல் மட்டும் போய்த் திரும்பி வந்திட்டன். எனக்கு ஏலாமல் கிடக்கு. இவருக்குச் சொல்லத்தான் வேணுமோ?
— பெயரும் இடமும் வேண்டாம்

பதில்: தங்கச்சி, மூன்று தரமும் வாசல்வரை போயிருக்கிறீர்கள். அதையே நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

பரிசோதனை முக்கியம்தான், ஆனால் நாளைக்கே முடிக்க வேண்டிய அவசரம் இல்லை. 30 வயதுக்கு மேல், முடிவு இயல்பாக இருந்தால், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான எச்பிவி பரிசோதனை ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான். நாள் குறிக்கும்போதே பெண் மருத்துவர் வேண்டும் என்று சொல்லலாம். முதல் தடவை சும்மா பேசுவதற்கு மட்டும் போகலாம், உடை மாற்றாமல், நாற்காலியில் உட்கார்ந்தபடி. என்ன நடந்தது என்று மருத்துவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சீட்டில் இதை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும்: ‘எனக்கு முன்பு மோசமான அனுபவம் உண்டு. ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். நான் கையைத் தூக்கினால் நிறுத்துங்கள்.’ சின்னக் கருவி கேட்கலாம். கூட ஒருவர் நிற்கலாம். பாதியில் வேண்டாம் என்று எழுந்து வரலாம், யாரும் கோபிக்க முடியாது, அது உங்கள் உடம்பு.

இவருக்குச் சொல்ல வேண்டுமா என்றால், கட்டாயம் இல்லை. நீங்கள் எதையும் ஒளித்து வைத்து ஏமாற்றவில்லை. தப்பு செய்தவர்கள்தான் மறைக்கிறார்கள், நீங்கள் காயத்தை மூடி வைத்திருக்கிறீர்கள், அது வேறு. என்றைக்காவது சொல்லலாம் என்று மனசு வந்தால் ஒரு வாக்கியம் போதும். ‘தடுப்பில் எனக்குக் கொடுமை நடந்தது, அதைப் பற்றிக் கேட்காதீர்கள், பக்கத்தில் இருங்கள்.’ மனைவியைத் தடுப்பில் வைத்திருந்தார்கள் என்பது தெரிந்தே கல்யாணம் செய்தவர் என்றால், ஒருவேளை அவரும் கேட்காமல் காத்துக்கொண்டு இருக்கலாம்.

இரவில் தாங்க முடியாமல் போனால் 1-767 எந்த நேரமும் இருக்கிறது, மனம் உடைந்தவர்களுக்கு உதவும் எஸ்ஓஎஸ் அமைப்பின் எண். ‘அவேர்’ என்ற பெண்கள் அமைப்பில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கென்றே தனி நிலையம் இருக்கிறது, சிங்கப்பூருக்கு வெளியில் நடந்தது, பல வருடத்துக்கு முன் நடந்தது என்று தயங்காமல் அங்கே பேசிப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிட்டேன். மேலே அச்சிட்டிருப்பதில் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், உங்களைத் தெரிந்தவர் படித்தாலும் உங்களை நினைக்க மாட்டார். அந்தச் சீட்டை ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறேன். செவ்வாய், வியாழன் காலையில் எனக்கு வேலை இல்லை. கூட வர யாரும் இல்லையென்றால் ஒரு வரி அனுப்புங்கள், மருந்தகத்துக்கு நான் வருகிறேன். ஒன்றும் பேச வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.